தொழுவத்துக் கழிவுநீரும் கல்வாழைப் படுகையும்: ஆறு ஆண்டு அனுபவம்

2019-ஆம் ஆண்டு தை மாதத்தில், பிசானப் பருவ நெல் அறுவடைக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, கீழ வயல்காரரான அண்ணாச்சி எங்கள் வீட்டு நடையில் வந்து நின்றார். அவர் கையில் ஒரு பிடி நெற்பயிர் இருந்தது. தாள் தடித்துக் கரும்பச்சையாக இருந்ததே தவிர, கதிரில் பாதி பதராகக் கிடந்தது. "சார்வாள், ஒங்க தொழுவத்துத் தண்ணி வந்து எங்க நெல்லு கொழுத்துப் போச்சு. கொழுத்த பயிரு நிக்குமா? அம்புட்டும் சாஞ்சிட்டு" என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகப் பேசினார். மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் நடத்திவிட்டு, ஓய்வுபெற்று, சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடைப்பட்ட எங்கள் பூர்வீக வீட்டில் ஒன்பது மாடுகளோடு குடியேறியிருந்த எனக்கு, அந்த ஒரு பிடி பயிர் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாததைச் சொல்லியது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அளவுக்கு மீறினால் நெல் சாயும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், அந்தத் தழைச்சத்தை அடுத்தவர் வயலுக்கு நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று விதமான நீர் வெளியேறியது. தொழுவம் கழுவிய நீர், குளியலறை மற்றும் அடுப்படி நீர், செப்டிக் தொட்டியிலிருந்து வழியும் நீர் ஆகிய மூன்றும் ஒரே ஓடையில் சேர்ந்து, தோட்டத்துக் கடைசியிலுள்ள குட்டையில் விழுந்து, அங்கிருந்து வயல் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த வாய்க்காலின் மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயலுக்கு வயல் இறங்கும் வடிநீர் குளங்களுக்குப் போகும். குளம் நிறைந்தால் மீண்டும் தாமிரபரணிக்கே வரும். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை வற்றாத ஆறு என்று பெருமை பேசுகிற நாம், அந்த ஆற்றுக்குள் எதைக் கலந்து விடுகிறோம் என்பதை நம் வீட்டு ஓடையிலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

முதல் முயற்சியை நான் மிக எளிதாக நினைத்துக்கொண்டேன். குளங்களில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். அது அழுக்கு நீரில்தான் செழிக்கிறது. ஆகவே அதைக் குட்டையில் விட்டால் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும் என்பது என் கணக்கு. மாசியில் இரண்டு கூடை செடியை விட்டேன். சித்திரை பிறப்பதற்குள் குட்டையின் மேற்பரப்பு முழுவதும் மூடி, ஊதா நிறப் பூக்கள் பூத்தன. கீழே நீர் தெளிந்திருந்தது, நாற்றமும் குறைந்திருந்தது. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரிடமும் காட்டினேன். ஆடி முடிவதற்குள் நிலைமை தலைகீழாக மாறியது. விரிப்பு தடித்து, அடியிலிருந்த இலைகள் வெயில் படாமல் அழுகி, நீருக்குள் சொட்டச் சொட்ட விழுந்தன. நீர் கறுத்தது. மோட்டார் போட்டு இறைத்தால் சாக்கடை வாடை வந்தது.

பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் நான் சில வினைப்பொருட்களை வீட்டில் வைத்திருந்தேன். நீரில் கரைந்துள்ள பாஸ்பேட்டை அறிய அமிலத்தோடு அம்மோனியம் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால், பாஸ்பேட் இருக்கும் அளவுக்கு ஏற்ப நீல நிறம் தோன்றும். செடி விடுவதற்கு முன்பு எடுத்த நீரில் வந்த நீலத்தை, ஒரு வெள்ளைத் தாளில் வண்ணம் தீட்டிக் குறித்து வைத்திருந்தேன். ஆவணியில் எடுத்த நீரில் அதைவிட ஆழ்ந்த நீலம் வந்தது. செடி உறிஞ்சியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டது. அத்தோடு அழுகல் நீரிலிருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததால், அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பழைய பாஸ்பேட்டும் விடுபட்டு மேலே வந்துவிட்டது.

அந்தச் செடியை வெளியேற்ற இரண்டு பேரைக் கூலிக்கு அழைத்தேன். மூங்கில் கொக்கியால் இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்த அக்கா, நடுவில் நிறுத்தி, "சார், இத இழுத்து எங்கன போட? கரையிலயே போட்டா மழைக்கு மறுபடி உள்ளதானே வடியும்?" என்று கேட்டார். நான் ஆறு ஆண்டுகளில் கற்றுக்கொண்டவற்றில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. செடி கழிவுநீரிலிருந்து சத்தை எடுப்பது உண்மை. ஆனால் எடுத்த சத்து செடிக்குள் இருக்கிறது; செடி நீருக்குள் இருக்கிறது. அதை அறுத்து, நீர் திரும்பி வந்து தொடாத இடத்துக்குக் கொண்டுபோகும் வரை எதுவும் அகலவில்லை.

இங்கே நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் புரிந்துகொள்ளாமல், ஜல்லி நிரப்பிச் செடி நட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் படுகையைக் கட்டினால் பணம் வீணாகும். மூத்திரத்திலுள்ள யூரியா சீக்கிரத்திலேயே அம்மோனியாவாக மாறிவிடும். ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் இல்லாத, ஆனால் இலை தழைபோல் கரிமப்பொருள் உள்ள இடத்தில் மற்றொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஆகவே நைட்ரஜனுக்கு வானத்து வழி ஒன்று உண்டு. பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. அது செடியிலோ பாசியிலோ போய், அறுவடையாக வெளியேற வேண்டும். அல்லது இரும்பு, அலுமினியம், கால்சியம் உள்ள மண்ணிலும் கல்லிலும் ஒட்டி நிற்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. நன்னீர்நிலையில் பாசி பெருகுவதற்கு பாஸ்பரஸ் எவ்வளவு முக்கியம் என்பதை 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலர் ஓர் ஏரியையே திரையிட்டு இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறு பக்கத்தில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் மட்டும் பச்சைப் பாசியால் மூடியது. வானிலிருந்து எடுத்த அந்தப் புகைப்படத்தை நான் வகுப்பில் பலமுறை காட்டியிருக்கிறேன். என் குட்டை அந்தப் பச்சைப் பாதியைச் சேர்ந்தது என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

இரண்டாவது முயற்சியை 2020-இல் தொடங்கினேன். அதில் முதல் வேலையாக நான் செய்தது எந்தச் செடியையும் நடுவதல்ல. தொழுவத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் முன், சாணத்தையும் கோமியத்தில் ஊறிய வைக்கோலையும் மண்வெட்டியால் வழித்து உரக்குழிக்கு அனுப்பும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். தரையில் ஒரு சிறு சாய்வு கொடுத்து, கோமியம் தனியாக ஒரு தொட்டியில் சேரும்படி செய்தேன். அது பத்து மடங்கு நீர் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் போகிறது. மாட்டின் மூலம் வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பங்கு இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. நீரில் கலக்கவிட்டு, பிறகு செடியையும் பாசியையும் வைத்து அதைப் பொறுக்கி எடுப்பது, உப்பைக் குழம்பில் போட்டுவிட்டு மறுபடி அள்ளப் பார்ப்பதைப் போன்றது. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு இரண்டு மூட்டை சிமென்ட் மட்டுமே. யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்பவர்களில் பலர் இதைக் காதில் வாங்காமல், எந்தச் செடி நல்லது என்று மட்டும் கேட்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்தது ஜல்லிப் படுகை. எங்கள் வீட்டில் ஆறு பேர். மாடுகளுக்கான நீரும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 1,500 லிட்டர் கழிவுநீர். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, தார்பாலின் விரித்து, உள்ளே ஜல்லி நிரப்பினோம். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி வைத்தால் கொசு முட்டையிட இடமில்லை, வாடையும் வராது. ஜல்லிக்கு இடையிலுள்ள வெற்றிடம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. ஆக, படுகைக்குள் நிற்கும் நீர் சுமார் 7,200 லிட்டர். ஒரு சொட்டு நீர் உள்ளே நுழைந்து வெளியே வர ஏறக்குறைய ஐந்து நாட்கள். நமது வெப்பத்தில் இது போதுமானது. வெளியேறும் குழாயில் பசையிட்டு ஒட்டாத எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) ஒன்றைப் பொருத்தினால், அதைத் திருப்பி நீர்மட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இருபது ரூபாய்ப் பொருள். ஆனால் படுகையில் அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

இதில் இரண்டு தவறுகள் நேர்ந்தன. ஜல்லியை இறக்கிய இடத்தில் கழுவிய ஜல்லி என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். வந்தது கிரஷர் தூளோடு இருந்தது. மழைக்காலம் நெருங்குகிறதே என்ற அவசரத்தில் அப்படியே கொட்டச் சொன்னேன். அது என் பிழை. இரண்டாவது, செப்டிக் தொட்டிக்கும் படுகைக்கும் இடையே கசடு அடியில் தங்குவதற்குத் தனியாக ஒரு மண்டித் தொட்டி வைக்காமல், தொழுவ நீரை நேரே படுகைக்குள் விட்டுவிட்டேன். ஏழு மாதத்தில் நுழைவாயிலை ஒட்டிய இரண்டு மீட்டர் அடைத்துக்கொண்டு, நீர் மேலே ததும்பத் தொடங்கியது. தோண்டிப் பார்த்தோம். வெளியே எடுத்த ஜல்லி ஒவ்வொன்றும் கரி பூசியதுபோல் கறுப்பாக இருந்தது. அழுகிய முட்டை வாடை வந்தது. கல்லுக்குக் கல் சாண நார் நூல்போல் சுற்றியிருந்தது. அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. வெயிலில் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது, மேலே இருந்த கற்கள் துருநிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன. பத்தொன்பது நாட்கள் கழுவினோம். அதன்பின், மூன்று அறைகள் கொண்ட மண்டித் தொட்டி ஒன்றைக் கட்டி, நுழைவாயிலின் முதல் ஒரு மீட்டருக்கு இரண்டரை இன்ச் கருங்கல்லும், மற்ற இடத்துக்கு அரை இன்ச் ஜல்லியும் போட்டோம். ஜல்லி வாங்குகிறவர்கள் ஒரு வாளி நீரில் ஒரு பிடி ஜல்லியைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நீர் பாலாக மாறினால் திருப்பி அனுப்புங்கள்.

செடிகளில் கல்வாழையை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டேன். ஓரங்களில் சம்பு. கடைசி மூன்று மீட்டரில் மட்டும், பத்தமடைப் பாய் நெய்யும் கோரையை ஆற்றங்கரையிலிருந்து எடுத்து வந்து வைத்தேன். கழிவுநீரில் வளர்ந்த கோரை பாய்க்குப் பயன்பட்டால் அறுவடைக்கு ஒரு விலை கிடைக்கும். விலை கிடைத்தால் யாரும் அறுக்கத் தயங்கமாட்டார்கள் என்பது என் ஆசை. முதல் அறுப்பை ஒரு கட்டாகக் கட்டிப் பத்தமடையில் நெடுங்காலம் பாய் நெய்து வரும் ஒரு அம்மாவிடம் கொண்டு போனேன். ஒரு தண்டை எடுத்து நகத்தால் கீறி, நெடுக இழுத்தார். பாதியிலேயே அறுந்தது. "இது கொழுத்த கோரை சார். உள்ள பூராவும் சோறுதான் இருக்கு, நார் இல்ல. கீறினா இழை நிக்காது" என்றார். அண்ணாச்சியின் நெல்லுக்கு நேர்ந்ததேதான் இந்தக் கோரைக்கும் நேர்ந்திருந்தது. அந்தக் கட்டைத் தொழுவத்தில் மாட்டுக்கு அடியில் பரப்பினேன். இன்றும் கோரை அங்குதான் போகிறது. அது கோமியத்தை உறிஞ்சிக்கொண்டு உரக்குழிக்குப் போவதால் பயன் இல்லாமல் இல்லை.

படுகை சீராக ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு குறை தொடர்ந்தது. வெளியேறும் நீர் கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் நெஸ்லர் கரைசலில் இரண்டு சொட்டு விட்டால் அடர்ந்த மஞ்சள் வந்தது. அம்மோனியா அப்படியே இருக்கிறது என்று பொருள். (நெஸ்லர் கரைசலில் பாதரசம் உண்டு. சோதித்த நீரை நான் தனிப் புட்டியில் சேர்த்து வைக்கிறேன். ஒருபோதும் ஓடையில் ஊற்றுவதில்லை. வீட்டில் சோதிக்க விரும்புகிறவர்கள் மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும், பாதரசம் இல்லாத சோதனைப் பெட்டியை வாங்கிக்கொள்வதே நல்லது.) காரணம் எளிது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற நான்கரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். எப்போதும் நீர் நிரம்பியிருக்கும் ஜல்லிக்குள் அவ்வளவு ஆக்சிஜன் ஏது? கல்வாழை வேர் வழியே கசியும் காற்று மிகச் சிறிதளவே. செடிகள்தாம் எல்லாவற்றையும் சுத்தம் செய்கின்றன என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நைட்ரஜனைப் பொறுத்தவரை பெரும்பாலான வேலையைச் செய்வது கல்லிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாப் படலம். செடி அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது.

ஆகவே படுகைக்கு முன்னால், மேட்டில், 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் இன்னொரு சிறு படுகை வைத்தேன். இதன் அடியில் நீர் தேங்காது. மேலே ஊற்றினால் பருக்கை மணலுக்குள் இறங்கி அடியிலுள்ள குழாய் வழியே உடனே வடிந்துவிடும். மண்டித் தொட்டி நீரை நாளெல்லாம் சொட்டவிடாமல், வால்வைத் திறந்து நாளைக்கு நான்கு முறை ஒரேயடியாகப் பாய்ச்சுகிறோம். ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் அதன் பின்னாலேயே காற்று மணலுக்குள் இழுக்கப்படுகிறது. வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது என்று சொல்வோமே, அதே முறைதான். இப்படி நைட்ரேட்டாக மாறிய நீர், பிறகு ஆக்சிஜன் இல்லாத பெரிய படுகைக்குள் போகும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கி விடுகின்றன. நெஸ்லர் கரைசலில் மஞ்சள் மங்கி, ஏறத்தாழ நிறமற்றுப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது 2021 கார்த்திகை. அன்றைக்கு நான் மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர்கள், "தண்ணிக்கும் தண்ணிக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்கள். நான் முந்தைய வாரத்துச் சோதனைக் குழாயைப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

இனி பாசிக்கு வருகிறேன். பாஸ்பரஸ் மட்டும் பிடிவாதமாக நின்றது. படுகைக்குப் பின்னால் பழைய குட்டை இருந்தது. அதில் தானாகவே பாசி வந்து, நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் ஆனது. கழிவுநீரைப் பாசியைக் கொண்டு சுத்திகரிக்கும் முறையை 1950-களிலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்டு வளர்த்தெடுத்தார். ஆழம் குறைந்த, சுற்றிச் சுற்றி ஓடும் குளங்களில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்க, பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கும் ஏற்பாடு அது. அதை நினைத்து நானும் பச்சையைக் கண்டு மகிழ்ந்தேன். குட்டை நீரை வடிதாளில் வடித்துச் சோதித்தால் நீலம் ஏறத்தாழ வரவே இல்லை. பாஸ்பேட் போய்விட்டது என்று நோட்டில் எழுதினேன். ஒரு வாரம் கழித்து ஒரு சந்தேகம் வந்தது. அதே நீரை வடிக்காமல், கந்தக அமிலமும் பெர்சல்பேட்டும் சேர்த்து அரைமணி நேரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பிறகு சோதித்தேன். குழாயில் நீலம் மெல்ல மெல்ல ஏறி, படுகையிலிருந்து வந்த நீருக்குச் சமமாக நின்றது. எதுவும் போகவில்லை; பாசியின் உடலுக்குள் ஒளிந்துகொண்டு, பச்சை நீராக அண்ணாச்சி வயலுக்கே போய்க்கொண்டிருந்தது. கழிவுநீர் அறிக்கைகளைப் படிக்கிறவர்கள் கரைந்த பாஸ்பேட்டா, மொத்த பாஸ்பரஸா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அந்தக் குட்டையில் வேறொரு இழப்பும் நேர்ந்தது. கொசுவுக்காக விட்டிருந்த கெண்டைக் குஞ்சுகள் ஒரு வைகாசி விடியலில் மொத்தமாக மிதந்தன. பகலில் ஆக்சிஜனைப் பொழியும் அதே பாசி, இரவெல்லாம் அதை உள்ளிழுக்கிறது. விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்துவிடுகிறது. பகலிலோ பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது, பிற்பகலில் பி.எச். தாள் 9-ஐத் தாண்டிக் காட்டியது. அந்த நிலையில் மிச்சமுள்ள அம்மோனியா மீனுக்கு நஞ்சாகும் வடிவத்துக்கு மாறுகிறது. பச்சை வண்ணச்சாயம்போல் மேலே படரும் நீலப்பச்சைப் பாசி வந்தால் மாட்டை அந்த நீரில் வாய்வைக்க விடக்கூடாது. அவற்றில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன.

மிதக்கும் நுண்பாசியை நீரிலிருந்து பிரிப்பது வீட்டு அளவில் நடக்காத காரியம். வேட்டித் துணியில் வடித்தேன். துணி அடைத்ததே தவிர பச்சை நிற்கவில்லை. படிகாரம் போட்டால் படிகிறது. ஆனால் செலவும் சேறும் சேர்கின்றன. அப்போதுதான் 1980-களில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்பவர் உருவாக்கிய முறையைப் படித்தேன். பாசியை நீரில் மிதக்க விடாமல், ஒரு வலையில் ஒட்டி வளரவிட்டு, வாரந்தோறும் சுரண்டி எடுக்கும் முறை அது. எட்டு மீட்டர் நீளம், இரண்டடி அகலத்தில் சிமென்ட் வாய்க்கால் ஒன்றைச் சரிவாகக் கட்டி, அதன் மேல் தோட்டக்காரர்கள் போடும் பச்சை நிழல்வலையை விரித்து, படுகையிலிருந்து வரும் நீரை அதன்மேல் விரல் தடிமனுக்குக் குறைவாக ஓடவிட்டேன். மூன்றாவது வாரத்தில் வலை கண்ணுக்குத் தெரியாமல் இழைப்பாசி மூடியது. முடியை வாரிவிட்டதைப்போல் நீரோட்டத்தின் போக்கில் படிந்து, வெயில் ஏற ஏற இழைகளுக்கிடையே முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழிகள் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை நீரை நிறுத்தி, ஒரு மணி நேரம் வடியவிட்டு, தேங்காய்ச் சிரட்டையால் வழித்தால் ஈரக் கம்பளிபோல் உருண்டு வரும். அதைச் சாக்கில் பரப்பினால், கல்லிடைக்குறிச்சி வீடுகளில் அப்பளம் காய்வதைப்போல் விளிம்பு சுருண்டு ஒரே பகலில் காய்ந்துவிடுகிறது. பத்து நாட்களுக்கு மேல் விட்டால் அடிப்பாசி வெளுத்து, தானாகவே பிய்ந்து நீரோடு போய்விடும். அந்த வாரத்து உழைப்பு முழுவதும் வீண். எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் பாசி வழிப்பது என்று வழக்கமாக்கியதால்தான் இது தவறாமல் நடக்கிறது.

குட்டையில் இப்போது வாத்துப்பாசி கிடக்கிறது. கடுகைவிடச் சற்றுப் பெரிய இலையும் ஒரே வேருமாக மிதக்கும் இந்தச் சிறு செடியை, அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்தவர்கள்தாம் எனக்குக் காட்டினார்கள். மூன்று நான்கு நாட்களில் இரட்டிக்கும். கொசுவலைத் துண்டால் அள்ளிவிடலாம். ஆனால் ஆனி ஆடிக் காற்று கணவாய் வழியே இறங்கி வீசும்போது, குட்டை முழுவதும் பரவியிருந்தது காலைக்குள் கிழக்குக் கரையில் நான்கு விரல் கனத்துக்கு ஒதுங்கி அழுகியது. மூங்கில் கழிகளை மிதக்கவிட்டு ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாகக் கட்டிய பிறகே அது நிலைத்தது. இதன் அறுவடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 கிலோ ஈர வாத்துப்பாசியில் உலர்பொருள் ஐந்தாறு கிலோதான். சத்துமிகுந்த நீரில் வளர்ந்தால் அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நைட்ரஜனும், நூறில் ஒரு பங்கு பாஸ்பரஸும் இருக்கும். ஆக, நூறு கிலோ சுமந்தால் வெளியேறுவது கால் கிலோவுக்குச் சற்று மேல் நைட்ரஜனும், ஐம்பது அறுபது கிராம் பாஸ்பரஸும். சிறிதாகத் தோன்றலாம், ஆனால் பாசி பெருக பாஸ்பரஸ் எவ்வளவு குறைவாகப் போதும் என்று தெரிந்தவர்களுக்கு அது சிறிதல்ல.

செப்டிக் நீர் கலந்த தண்ணீரில் வளர்ந்த எதையும் நான் மாட்டுக்கும் கோழிக்கும் கொடுப்பதில்லை. குடற்புழு முட்டையும் நோய்க்கிருமியும் அதில் வரலாம். அள்ளும்போது கையுறை அணிகிறோம். அள்ளியது உரக்குழியில் சாணத்தோடு அடுக்கி, சூடேறி, மூன்று நான்கு மாதம் மட்கிய பிறகே வாழை மூட்டுக்குப் போகிறது. மாட்டுத் தீவனத்துக்கு வேண்டிய அசோலாவை நல்ல நீரில், தனித் தொட்டியில் வளர்க்கிறோம். இதில் சுருக்குவழி தேடவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், எங்கள் தோட்டத்திலும் இடுப்பளவு நீர் ஓடியது. வாத்துப்பாசி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிழல்வலை கிழிந்து முள்வேலியில் தொங்கியது. மண்டித் தொட்டியின் மண்டி படுகைமேல் படர்ந்தது. ஆனால் கல்வாழையின் கிழங்குகள் ஜல்லிக்குள் பிடித்து நின்றன. தை பிறந்தபோது புதுக் குருத்து விட்டிருந்தது. அந்த வெள்ளத்துக்குப் பின் படுகையைச் சுற்றி ஒன்றரை அடி வரப்பு உயர்த்தி, மழைநீர் உள்ளே வராமல் சுற்றிப் போக ஒரு வெட்டுவாய்க்கால் போட்டேன். குட்டையின் வாயில் சல்லடைக் கம்பி இரட்டையாக வைத்தேன். முதல் ஆண்டில் நான் விட்ட அமலைச்செடி இதுபோன்ற ஒரு வெள்ளத்தில் வாய்க்காலுக்குள் போயிருந்தால், எத்தனை மடைகள் அடைத்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடியை யாரும் கழிவுநீருக்காக வேண்டுமென்றே வளர்க்கவேண்டாம். கல்வாழையும் கோரையும் போதும்.

கல்வாழையை ஆண்டுக்கு மூன்று முறை, பூத்து முடியும் தறுவாயில், ஜல்லிக்கு ஒரு சாண் மேலே அறுக்கிறோம். பூ முற்றிக் காயும்வரை காத்திருந்தால் இலையிலுள்ள சத்தில் ஒரு பங்கு கிழங்குக்குத் திரும்பிவிடும். பிறகு அறுப்பதில் பாதிப் பயன்தான். முழுப் படுகையையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், மூன்றில் ஒரு பங்காகப் பதினைந்து நாள் இடைவெளியில் அறுத்தால் படுகையின் வேலை தடைப்படுவதில்லை.

கீழ வயல் அண்ணாச்சி இந்த ஆண்டுப் பிசானத்தில் எங்கள் நீரைத் தன் மடைக்குள் அனுமதித்தார். பயிர் நின்றது. ஆனால் அவர் யூரியாவை ஒரு சால் குறைத்துத்தான் போட்டிருந்தார். ஆகவே முழுப் பெருமையும் என் படுகைக்குரியதல்ல.

எனக்கு இப்போதுள்ள கவலை வேறு. தொடக்கத்தில் பாஸ்பேட்டில் ஒரு பகுதியை ஜல்லியே ஒட்டவைத்துக்கொண்டது. கல்லுக்கு ஒட்டவைக்கும் கொள்ளளவு ஓரளவுதான். சென்ற ஆவணியிலிருந்து படுகை முனையில் எடுக்கும் நீரில் நீலம் சிறிது சிறிதாகக் கூடி வருகிறது. கடைசி மூன்று மீட்டர் கோரைப் பகுதியின் ஜல்லியை எடுத்துவிட்டு, சூளையில் வீணாகும் உடைந்த செங்கல் சல்லியையும், இரும்புச் சத்துள்ள எங்கள் மேட்டுச் செம்மண் கட்டிகளையும் கலந்து நிரப்பலாம் என்று இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் சோதித்து வருகிறேன். செங்கல் வாளியில் நீலம் மங்கியிருக்கிறது. செம்மண் வாளியில் இன்னும் நன்றாக மங்கியிருக்கிறது, ஆனால் நீர் இறங்க மறுக்கிறது. இரண்டு பங்கு செங்கல்லுக்கு ஒரு பங்கு செம்மண் என்று மூன்றாவது வாளியை நேற்றுத்தான் நிரப்பினேன். கார் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கும் முன் கோரையைப் பெயர்த்து நட்டுவிட வேண்டும்.